கண்டி ராஜ்யத்தில் குடியேறுவது எப்படி?

மலைநாட்டுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்த கதையைச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் கோப்பியிலிருந்துதான் தொடங்குவோம். 1823, கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டிய, ஜோர்ஜ் பேர்ட்டின் தோட்டம், பிறகு தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த சனம். அதற்கு முன் இங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஆதியிலிருந்தே அதே மலையில், அதே வயலில் அசையாமல் இருந்ததுபோல ஒரு நினைப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கோப்பிக்கு ஐந்நூறு வருடம் முன்பே இந்த மலைகளுக்குள் ஆட்கள் வந்துகொண்டும் இடம் மாறிக்கொண்டும்தான் இருந்தார்கள். சிற்பி, வைத்தியர், மாடு ஓட்டும் வியாபாரி, அகதி, கைதி, ராணி, ராணியின் சொந்தக்காரர் என்று பல தினுசு.

சாதாரண தரத்துக்கு வரலாறு படிக்கும் பிள்ளைக்கும் விளங்கவேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். அரசர்களின் வரிசை இங்கே முக்கியமில்லை. கேள்வி ஒன்றுதான்: அந்தக் காலத்தில் ஒரு புது ஆள் மலைக்கு வந்தால், எப்போது அவன் ஊர்க்காரன் ஆவான்?

அதற்கு முதலில் ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று மலையகத்தில் பேச்செல்லாம் காணி இல்லை என்பதுதான். அன்று காணி கிடந்தது, ஆள்தான் இல்லை. மலைச்சரிவில் படிப்படியாக வயல் கட்டுவது லேசான வேலையில்லை. வரம்பு பிடிக்க வேண்டும், ஓடையைத் திருப்பி வாய்க்காலில் விட வேண்டும், பன்றிக்கும் யானைக்கும் இரவில் காவல் இருக்க வேண்டும். ஆள் விட்டுப்போன வயல் சில மழைக்காலத்தில் காடாகிவிடும். யுத்தமும் அம்மையும் வந்து ஊர் ஊராகக் குறைத்துப்போட்ட காலம் அது. ஆகவே அரசனுக்கு ஒரு குடும்பம் கூடுதலாகக் கிடைத்தால் அது லாபம். வந்தவர்களை வரவேற்றதில் தர்ம குணமும் இருந்திருக்கலாம். கணக்கும் நிச்சயமாக இருந்தது.

காசுப் புழக்கம் குறைந்த அந்த நாட்டில் வேலைக்குச் சம்பளமாகக் காணியைக் கொடுத்தார்கள். காணியை வாங்கினால் அதோடு ஒரு கடமையும் வரும். இதுதான் இராஜகாரியம். இந்த வயலை உழுகிறவன் பெரஹராவில் பந்தம் பிடிக்க வேண்டும்; அந்த வயலுக்குரியவன் வருடத்துக்கு இத்தனை பானை கொடுக்க வேண்டும்; அடுத்தவன் கடவத்தை என்ற எல்லை வாசலில் காவலுக்குப் போக வேண்டும்; இன்னொருவன் பல்லக்குத் தூக்க வேண்டும். கடமை ஒட்டிக்கொண்டிருந்தது நிலத்தில். வயல் கை மாறினால் கடமையும் கை மாறும். அரசனின் களஞ்சியத்துக்குரிய ஊர் கபடாகம், பிரதானிக்குக் கொடுத்த ஊர் நிந்தகம், விகாரைக்குரியது விகாரகம், தேவாலயத்துக்குரியது தேவாலகம். எந்த ஊரானாலும் உடையவருக்கென்று ஒதுக்கிய முத்தெட்டு வயல் ஒன்று இருக்கும். மற்ற வயல்களைப் பங்கு பங்காக வைத்திருப்பவர்கள் அந்த முத்தெட்டிலும் வேலை செய்வார்கள். விகாரை, தேவாலயக் காணிகளில் இந்த முறையின் மிச்சம் இன்றும் உண்டு. கண்டிப் பெரஹராவில் மேளம் அடிக்கிறவர், ஆடுகிறவர், பந்தம் பிடிக்கிறவர் என்று பலர் பரம்பரைக் கடமையாகத்தான் வருகிறார்கள்.

ஆக, கண்டி ராஜ்யத்தில் குடியேறுவது என்றால் யாரோ ஒருவர் கையால் காணி பெற்று, அந்தக் காணிக்குரிய கடமைப் பட்டியலில் ஏறுவது. என்ன மொழி பேசுகிறாய், எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்பது இரண்டாவது பேச்சு. இதை ஒரு பொற்காலமாக நினைத்துவிடவும் கூடாது. கடமை சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டது. வந்தவனை ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது என்பதை மேலே இருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள்.

இனி, மலைக்குள் ஆள் வரத் தொடங்கிய கதை. அனுராதபுரமும் பொலன்னறுவையும் இருந்த வறண்ட சமவெளியில் குளத்தை நம்பி ராஜ்யங்கள் நடந்தன. அப்போது மலைப்பகுதி ஆட்சியைப் பறிகொடுத்த அரசர்கள் ஒளிந்துகொள்ளும் இடம். 1215இல் படையெடுத்து வந்த மாகன் பொலன்னறுவையைப் பிடித்ததற்குப் பிறகு தலைநகரம் தம்பதெனிய, யாப்பகுவ, குருநாகல் என்று தென்மேற்கே நகர்ந்து, 1340களில் கம்பளைக்கு ஏறியது. அரசன் நகர்ந்தால் அவனோடு படை, பிக்குமார், எழுத்தர், கொல்லர், வண்ணார் எல்லாரும் நகர வேண்டும். குளக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகம் சிதைந்தது, மலேரியாவும் பரவியது என்று காரணங்கள் பல சொல்வார்கள். ஒரே நாளில் நடந்த ஓட்டம் இல்லை, தலைமுறைக் கணக்கில் நடந்த நகர்வு.

கம்பளைக் காலத்திலேயே தென்னிந்தியக் கைகள் மலையில் தெரிகின்றன. பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியை விட்டு உள்ளே போனால் கடலாதெனிய விகாரை. 1344இல் கட்டியது. கருங்கல் தூண்களையும் கூரையையும் பார்த்தால் நம் பக்கத்துக் கோயில் மண்டபம் என்றே சொல்லத் தோன்றும். கட்டியவர்களின் தலைவன் பெயர் கணேஸ்வராசாரி என்று கல்வெட்டே சொல்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அதே காலத்து லங்காதிலக விகாரை. அங்கே பாறையில் சிங்களத்தில் மட்டுமல்ல, தமிழிலும் சாசனம் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாமல் பாறையில் தமிழை யாரும் செதுக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். கண்டிக்கு உறவினர்கள் வந்தால் தலதா மாளிகையோடு திருப்பி அனுப்பிவிடாமல் இந்த இரண்டையும் காட்டலாம்.

கண்டி தனி ராஜ்யமாகத் தலையெடுத்தது 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அது 1815 வரை நின்றது. மத்திய காலத்தில் பிறந்து அந்தக் காலம் முடிந்த பின்னும் பழைய முறையிலேயே ஓடிய ராஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து வந்தவர்களைப் பார்க்குமுன், உள்ளுக்குள்ளேயே இடம் மாறியவர்களைப் பார்த்துவிடுவோம். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். கதைகளில் வருவது குறைவு. மிகச் சாதாரணமான இடப்பெயர்வு கல்யாணம். கண்டிச் சிங்களவரிடம் இரண்டு விதக் கல்யாணம் இருந்தது. தீக என்றால் பெண் மாப்பிள்ளை ஊருக்குப் போவது. பொதுவாகத் தகப்பன் காணியில் அவளுக்குப் பங்கு போய்விடும். பின்ன என்றால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது, நம் பேச்சில் வீட்டோடு மாப்பிள்ளை. பெண்ணின் பங்கு அவளிடமே நிற்கும், வீட்டில் அதிகாரமும் அவள் பக்கம்தான். பின்ன மாப்பிள்ளை ஒரு ஊன்றுகோல், ஒரு தாளிப்பனை ஓலை, ஒரு பந்தம் மூன்றையும் எப்போதும் வாசலில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. எந்த நேரம், எந்த மழையில் வெளியே போ என்று சொல்வார்களோ! பகிடிதான், ஆனாலும் யார் கையில் காணி இருக்கிறதோ அவர் நிலைக்கிறார், மற்றவர் நகர்கிறார் என்ற விதி அதிலும் இருக்கிறது.

இன்னொரு வகை, காணியை விட்டுவிட்டுப் போனவர்கள். இதை நமக்கு எழுதி வைத்திருப்பவர் ஒரு கைதி. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679 வரை மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ். அரசனின் காணியை வைத்திருப்பவர் கடமை பாரம் தாங்கவில்லை என்றால் வீட்டையும் காணியையும் விட்டுப் போகலாம், போனால் கடமையும் போய்விடும், அப்படிப் போனவர்கள் ஏராளம் என்கிறார் அவர். அரச காணியை வைத்திருந்ததைவிட அதை விட்ட பிறகு அவர்கள் சுகமாக வாழ்ந்ததாகத் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துவிடுகிறார். விட்டவர்கள் என்ன செய்திருப்பார்கள்? காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்யலாம், இன்னொருவர் வயலை அந்தேக்கு எடுத்துப் பாதிக்குப் பாதி பகிரலாம். ஆள் குறைந்த நாட்டில் உழைக்கத் தெரிந்தவனுக்குப் போக இடம் இருந்தது. காணி கொடுத்து ஆளை நிறுத்தும் அரசன், ஆள் போய்விடுவானோ என்ற பயத்தோடும் இருந்தான்.

அந்தப் பயத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் கடவத்தைக்குப் போக வேண்டும். பலன, கலகெதர போன்ற கணவாய்களிலும், ஊருக்குள் நுழையும் ஒடுக்கமான பாதைகளிலும் முள்வாசல் இருந்தது. மூன்று நான்கு குறுக்குக் கம்புகளில், ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முட்கொம்புகளை வரிசையாகக் கட்டி, மேலே தொங்கவிட்டிருப்பார்கள். வேண்டும்போது தூக்கலாம், இறக்கலாம். பக்கத்தில் காவல். பாதைகளையும் வேண்டுமென்றே அகலப்படுத்தாமல் விட்டிருந்தார்கள். பீரங்கி இழுத்து வர முடியக் கூடாது.

வாசலைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும். அது களிமண்ணில் குத்திய முத்திரை, ஆளுக்குத் தக்க படத்தோடு. சிப்பாய் என்றால் தோளில் ஈட்டி வைத்த மனிதன். கூலியாள் என்றால் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும் காவடிக் கம்பைத் தோளில் சுமந்த மனிதன். வெள்ளைக்காரன் என்றால் இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும். எழுத வாசிக்கத் தெரியாத காவற்காரனுக்கும் பார்த்தவுடன் விளங்கும். அடையாள அட்டையை வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நொக்ஸின் கதையும் ஒரு வகைக் குடியேற்றம்தான். கைதிகளைச் சிறைக்குள் வைக்காமல் ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டு, ஊரவர் சாப்பாடு போட வேண்டும் என்று இரண்டாம் இராஜசிங்கன் உத்தரவிட்டான். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், கோழி வளர்த்தார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், கடைசியில் எலதெத்தவில் காணியும் வாங்கினார். சில தோழர்கள் உள்ளூரில் கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். அவரோ வியாபாரி வேஷத்தில் பாதை பாதையாகப் பார்த்து வைத்து, அனுராதபுரம் பக்கம் இறங்கி, மல்வத்து ஓயா வழியே மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊருக்குத் தப்பினார். போகும் வழியில் சிங்களம் புரியாத தமிழ் ஊர்களைக் கடந்ததையும் எழுதியிருக்கிறார்.

இப்போது மாட்டுக்காரர்கள். மலையில் நெல் விளையும், பாக்கு விளையும், உப்பு விளையாது. கடற்கரை முதலில் போர்த்துக்கேயர் கையில், பிறகு ஒல்லாந்தர் கையில். 1766 ஒப்பந்தத்தோடு கண்டிக்குக் கடலே இல்லை என்றாகிவிட்டது. உப்பும் கருவாடும் புடைவையும் மேலே வர வேண்டும், பாக்கு கீழே போக வேண்டும். வண்டி போகும் பாதை இல்லை. ஆகவே தவளம்: முதுகின் இரண்டு பக்கமும் பொதி தொங்கும் மாடுகள் வரிசையாக, ஒற்றையடிப் பாதையில், வழிப்போக்கர் மடமான அம்பலத்துக்கு அம்பலம் தங்கி நடக்கும். இதைப் பெரும்பாலும் ஓட்டியவர்கள் முஸ்லிம்கள். கரையோர ஊர்களோடு அவர்களுக்கு உறவும் பழக்கமும் இருந்தது. வயலோடும் முறைக் கடமையோடும் கட்டுண்ட விவசாயிக்கு வாரக்கணக்கில் ஊர்விட்டு ஊர் போக முடியாது.

அவர்கள் மலைக்கு வந்து நிலைத்ததற்கு வியாபாரம் ஒரு காரணம், துரத்தல் இன்னொரு காரணம். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக்கொண்டான். பெரும் பகுதியைக் கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான்; அன்று அந்தக் கரை கண்டிக்கு உட்பட்டது. அங்கே குடியேறியவர்கள் 4000 பேர் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்ரோஸ் எழுதுகிறார். ஆளில்லாத வயலுக்கு ஆளும், ஆபத்தான எல்லைக்கு நம்பிக்கையான குடியும் ஒரே அடியில் கிடைத்தன.

மலைக்குள் வந்தவர்களும் கடமைப் பட்டியலில் ஏறினார்கள். போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்ற பிரிவு இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் காணி வைத்திருந்தார்கள், பதிலுக்கு அரசனின் பொதியைத் தங்கள் மாடுகளில் சுமந்தார்கள். மடிகே என்ற பெயர் கொண்ட முஸ்லிம் ஊர்கள் இன்றும் கண்டி, குருநாகல் பக்கம் இருக்கின்றன. வைத்தியர்களும் அப்படித்தான். கேகாலைப் பக்கம் கெட்டபேரியவின் கோபால குடும்பம் அரசர்களுக்கு மருந்து பார்த்த முஸ்லிம் பரம்பரை. அரச மருந்துச்சாலைக்குப் பொறுப்பான முகாந்திரம் பதவியும், காணிக்குச் சன்னஸும் அவர்களுக்குக் கிடைத்தன. சன்னஸ் என்பது அரசன் கொடுக்கும் காணி உறுதி, செப்பேட்டில் வெட்டியது.

அக்குறணை, மாவனல்லைப் பக்கத்துப் பழைய முஸ்லிம் குடும்பங்களின் முழுப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். அரபுப் பெயருக்கு முன்னால் 'கெதர' என்று முடியும் சிங்கள வீட்டுப் பெயர் நிற்கும். வீட்டுக்குள் தமிழ் பேசுவார்கள், பள்ளிவாசலுக்குப் போவார்கள், பெயரில் கண்டி ராஜ்யத்துக் காணி இருக்கும்.

கத்தோலிக்கர் கதை சுருக்கமாக. ஒல்லாந்தர் கரையைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள். போர்த்துக்கேய வழியினரும் உள்ளூர்க் கத்தோலிக்கரும் கண்டிக்குள் ஒதுங்கினார்கள். மாத்தளை மாவட்டத்து வஹக்கோட்டை அப்படி உருவான ஊர். அங்கே அந்தோனியார் கோயில் இன்றும் பேர்போனது. கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். 1697இல் அம்மை பரவியபோது நோயாளிகளைப் பார்த்த அதே மனிதர் 1711இல் கண்டியிலேயே இறந்தார்.

கடைசியாக, விதிக்குள் அடங்காத ஒரு கூட்டம். கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்களை மணம் முடித்தார்கள். உள்ளூர்ப் பிரதானிகளில் ஒருவர் மகளை எடுத்தால் மற்ற வீடுகள் சும்மா இருக்குமா? அரச குலப் பெண்தான் ராணியாகலாம் என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது. ராணி தனியாக வரமாட்டார். தகப்பன், அண்ணன், தம்பி, சொந்தபந்தம் எல்லாம் வந்து அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு வீதியிலேயே குடியிருந்தார்கள். தென்னிந்தியரை அன்று மலபார் என்பார்கள்; அந்த வீதிக்கு மலபார் வீதி என்றுதான் இன்றும் பெயர். வாரிசில்லாமல் நரேந்திரசிங்கன் 1739இல் இறந்ததும் ராணியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரசனானான். அதன்பின் 1815 வரை அரியணையில் இருந்தவர்கள் எல்லாரும் நாயக்கர்கள். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குமாருக்கான முழுத் துறவுச் சடங்கை, திரும்ப உண்டாக்கியவன். வந்த குடும்பத்து அரசன், வந்த பிக்குமாரைக் கொண்டு, உள்ளூர்ச் சங்கத்தை நிமிர்த்தினான்.

அரசர்கள் சிங்கள அரசராகவே நடந்துகொண்டார்கள். சிக்கல் சொந்தக்காரர்களிடம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்குப் போய்ப் பங்கு வயல் எடுத்துக் கடமையில் ஏறியவர்கள் இல்லை. தலைநகரில் இருந்தார்கள், வியாபாரம் செய்தார்கள், பிரதானிகளுக்கே கடன் கொடுத்தார்கள். அவர்களை ராஜ்யத்தோடு கட்டிய கயிறு அரசனுடைய ரத்த உறவு ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அரசன் விழுந்ததும் அது அறுந்தது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் ஆங்கிலேயரும் பிரதானிகளும் கையெழுத்திட்டபோது, அரசனின் உறவினரான ஆண்கள் எல்லாரும் நாட்டுக்கு விரோதிகள், வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வரக் கூடாது என்று வாசகம் சேர்த்தார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கே இறந்தான். அதே ஒப்பந்தம் அக்குறணை மாட்டுக்காரரையோ கெட்டபேரிய வைத்தியரையோ வெளியே போகச் சொல்லவில்லை.

அரசன் இறந்த அந்த 1832இலேயே இராஜகாரியமும் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலயக் காணிகளில் மட்டும் விட்டுவைத்தார்கள். 1840 சட்டத்தில் உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குச் சொந்தமாயின, ஏக்கர் ஐந்து சிலிங் விலையில் கோப்பிக்கு விற்பனையாயின. தோட்டத்தில் கூலிக்கு நிற்கக் கண்டி விவசாயி வரவில்லை. தன் வயல் இருக்கிறவன் எதற்கு வருவான்? அங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள், முதலில் பழம் பறிக்கும் காலத்துக்கு மட்டும், பிறகு தேயிலையோடு நிரந்தரமாக.

அவர்கள் வந்த ஏற்பாட்டில் காணி என்ற பகுதியே இல்லை. கடமை இருந்தது, காலையில் ஆள் எண்ணும் பிரட்டு இருந்தது, தாமதித்தால் பாதிச் சம்பளம் மட்டும் என்ற அரைப்பேர் இருந்தது. லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டின் அறை, தோட்டத்தின் சொத்து. தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் பெயர் இருக்கும்வரை அதில் இருக்கலாம். ஆள் கூட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணத்தில் தொடங்கிய கடன் ஆளோடு தோட்டம் தோட்டமாகப் போனது. கெட்டபேரிய வைத்தியரிடம் இருந்த அரச பத்திரம் இந்தக் காணி இவருக்கு என்றது. தோட்டம் மாறும் தொழிலாளியின் பேரில் எழுதப்பட்ட துண்டு, இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்பேன் என்றது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.